ஏழு மணிக்கு முந்திய கட்டங்கள்

1

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை 5.50க்கு எழுந்தேன். காபி, இரண்டு தோசை, ரத்த அழுத்த மாத்திரை. 6.30 முதல் 6.45 வரை நாட்குறிப்பில் முந்தின நாள் விட்டுப்போன வரிகளை நிரப்பினேன். 7.20க்குக் காரை எடுத்தேன். கல்லூரிக்குப் பதினேழு நிமிடம். வழி நெடுக இருபுறமும் பாதாம் தோப்பு. இயந்திரம் மரத்தைப் பிடித்து உலுக்கிக் கொட்டையை உதிர்க்கிற காலம் அநேகமாக முடிந்துவிட்டது. அதன் தூசி மட்டும் சாலையில் நிற்கிறது. 7.40க்கு அறை விளக்கைப் போட்டேன்.

நாட்குறிப்பின் மேல் மூலையில் 18 என்று எழுதி வட்டமிட்டிருந்தேன். கந்தர்வக்கோட்டையிலிருந்து கலிபோர்னியாவின் நடுச் சமவெளிக்கு வந்து இன்றோடு பதினெட்டு ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தேதியில் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதுவது என் வழக்கம். இந்த ஆண்டு எதைப் பற்றி எழுதுவதென்று மாலை வரை தெரியவில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஊரில் பாதிப் பேர் அதைத் தவறாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். இரண்டாண்டுப் படிப்பு மட்டும் உள்ள ஓர் அரசுக் கல்லூரியில் நான் கவுன்சிலர். நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சீட்டு ஒதுக்குவது, கவுன்சிலர் என்றால் வார்டு உறுப்பினர். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது சின்ன மாமனார் போனில் கேட்டார்: "ஏம்மா, அங்கிட்டு ஒன் கையில எத்தனை சீட்டு இருக்கு?" சீட்டெல்லாம் இல்லை மாமா என்றேன். "சீட்டும் இல்லாம வார்டும் இல்லாம அது என்னம்மா கவுன்சிலரு" என்றார்.

என்னிடம் இருப்பது ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும். எந்தப் பாடம் எடுப்பது, எப்போது விடுவது, யாரிடம் உதவி கேட்பது என்று பேச மாணவர்கள் வருவார்கள். அதோடு முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வகுப்பும் எடுக்கிறேன். 'மாணவர் வெற்றி' என்று அதற்குப் பெயர். தமிழில் சொன்னால் தேர்தல் முடிவு போல இருக்கிறது. உண்மையில் அது கல்லூரியில் தொலைந்துபோகாமல் இருப்பதற்கான வகுப்பு. குறிப்பு எடுப்பது, நேரத்தைப் பிரிப்பது, தோற்றால் மறுபடி வந்து உட்காருவது.

அந்த வகுப்பில் இருப்பவள் மரிசோல். இருபது வயது, எக்ஸ்ரே டெக்னீசியன் ஆக வேண்டும் என்று வந்தவள், வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள். போன பருவத்தில் மதிப்பெண் இறங்கிவிட்டது. அப்படி இறங்கினால் உதவித்தொகை நிற்கும். உதவித்தொகை நின்றால் அவள் நிற்க வேண்டியதுதான். நிற்காமலிருக்க ஒரு மேல்முறையீட்டுப் படிவம் உண்டு. அதோடு வார நேர அட்டவணை ஒன்றும் கவுன்சிலர் கையெழுத்தும் இருக்க வேண்டும். கையெழுத்து இருந்தால் குழு பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும். கடைசி நாள் நாளை, புதன் மாலை ஐந்து மணி.

போன வியாழனன்று அட்டவணையோடு வந்தாள். கட்டங்களை எண்ணினேன். மொத்தம் 105. நிரப்பியவை 79, காலி 26. பெரும்பாலும் பிற்பகல்கள். "இருபத்தாறு மணி நேரம் சும்மா இருக்கிறதே, இதில் படிக்கலாமே?" என்று பென்சிலால் எழுதி, சரிசெய்து கொண்டு வா என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் தாளை நாலாக மடித்தாள். "சரி மிஸ், இனிமே நல்லாப் பண்றேன்" என்றாள். (அவள் பேசுவது ஆங்கிலம். மிஸ் மட்டும் நம் பள்ளிக்கூடத்து மிஸ் போலவே ஒலிக்கும்.)

இன்று 9.30க்கு வருவதாக ஏற்பாடு. 9.50 வரை கதவைத் திறந்து வைத்திருந்தேன். வரவில்லை. நாட்குறிப்பில் "ம. வரவில்லை" என்று எழுதினேன்.

2

அந்த அட்டவணை எங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளது. புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் இந்த வகுப்புக்கு விலை கொடுத்து வாங்கும் புத்தகம்தான். பருவம் தொடங்கி மூன்றாம் வாரம் வரை பாதிப் பேர் கையில் புத்தகம் இருக்காது. கேட்டால் "ஆர்டர் பண்ணியிருக்கேன் மிஸ்" என்பார்கள். எப்படிப் படிப்பது என்று சொல்லித் தரும் புத்தகமே இல்லாமல் படிக்கச் சொல்வது எனக்கே கூச்சமாக இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இலவசப் பாடநூலுக்கு மாறினோம். ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதி, திறந்த உரிமத்தில் இணையத்தில் வைத்தது. யாரும் படிக்கலாம், அச்சடிக்கலாம், வெட்டலாம், சேர்க்கலாம், வேறு மொழியில் ஆக்கலாம். முதலில் எழுதியவர் பெயரையும், நாம் என்ன மாற்றினோம் என்பதையும் சொன்னால் போதும். எங்கள் கல்லூரிக்கு ஏற்றபடி அதைத் திருத்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பேருந்து நேரம், அலுவலக அறை எண், எங்கள் படிவங்கள் எல்லாவற்றையும் சேர்த்தேன். முதல் பக்கத்தில் 'திருத்தியவர்' என்று என் பெயர் இருக்கிறது. இதுவரை என் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அதுதான்.

போன ஆண்டு ஜமீலாவிடம் இதைச் சொன்னேன். ஜமீலா கோட்டைப்பட்டினத்துக்காரி. புதுக்கோட்டையில் பட்டப்படிப்பு படித்தபோது மூன்று வருடமும் என் பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது அதே ஊரில் ஒரு மகளிர் கல்லூரியில் வணிகவியல் பேராசிரியை. முதலாண்டு மாணவியருக்கு வாரம் ஒரு மணி 'அறிமுக வகுப்பு' உண்டு. வேறு யாரும் விரும்பாததால் அது இவள் தலையில் விழுந்திருந்தது. என் புத்தகத்தைத் தமிழில் ஆக்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றேன்.

அவள் கல்லூரி அலுவலகத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆசிரியரின் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அனுமதியே தேவையில்லை என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பதை ஜமீலா அச்செடுத்துக் காட்டியிருக்கிறாள். "அது சரிங்க மேடம், இதுல யாரும் கையெழுத்துப் போடலையே" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

ஆகவே எங்கள் கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளில் நான் ஒரு கடிதம் எழுதினேன். 'இந்நூலைப் பயன்படுத்த எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆகையால் இதன் மூலம் அனுமதி அளிக்கிறேன்.' வாழ்நாளில் இவ்வளவு முரணான வாக்கியத்தை நான் எழுதியதில்லை. அது போய்ச் சேர்ந்ததும் ஜமீலா கூப்பிட்டாள். "எல்லாம் சரிடி. ரவுண்டு சீல் எங்க?" எங்கள் கல்லூரியில் ரவுண்டு சீல் என்று ஒன்று கிடையாது. நூலகத்தில் புத்தகம் திரும்பி வந்த தேதியைக் குத்தும் முத்திரை இருந்தது. நூலகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடிதத்தின் இன்னொரு பிரதியில் அதைக் குத்தி அனுப்பினேன். கோப்பில் ஏறிவிட்டது.

இந்த ஜூலையில் ஐந்து அத்தியாயம் தமிழில் தயாரானது. நேர அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

3

மாலை 7.05. அங்கே புதன் காலை 7.35. இரண்டு ஊருக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். கடிகாரத்தில் அரை மணி கூட்டினால் ஊர் நேரம், பகலும் இரவும் மட்டும் இடம் மாறியிருக்கும். சாப்பாட்டு மேசையில் இருந்தபோது போனில் படங்கள் வந்து விழத் தொடங்கின. ஜமீலா தன் வகுப்பில் நேற்று எழுதவைத்த அட்டவணைகள். மொத்தம் 43.

முதல் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டங்கள் நிரம்பியிருந்தன. கட்டங்களுக்கு மேலே, தலைப்புக்கு இருபக்கமும் இருந்த வெற்றிடத்தில், பொடி எழுத்தில் மூன்று வரி இருந்தது. இரண்டாவது தாளிலும் அப்படியே. மூன்றாவதிலும். கடைசிவரை பார்த்துவிட்டு எண்ணினேன். முப்பத்தோரு பேர் கட்டத்துக்கு வெளியே எழுதியிருந்தார்கள்.

4.30 தண்ணீர் பிடிக்க. 5.00 மாட்டுக்கு வைக்கோல். 5 முதல் 6.30 முந்திரிக் கொட்டை உடைக்க. இது ஆதனக்கோட்டைப் பெண். 4.00 அத்தா கரைக்கு வருவாங்க, மீன் பிரிக்க. இது அப்பாவை அத்தா என்னும் கடற்கரைப் பக்கத்துப் பெண். 5.15 தம்பிக்குச் சோறு கட்ட. 6.05 பஸ். 6.10 பஸ். 5.50 பஸ், விட்டால் அடுத்தது 7.20.

ஒருத்தி மட்டும் ஓரத்தில் எழுதவில்லை. இன்னொரு தாளைக் கோடு போட்டு, அதில் நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை கட்டம் கட்டி, அட்டவணையின் முன்னால் வைத்து, இடது மேல் மூலையில் துளை போட்டு வெள்ளை நூலால் கட்டியிருந்தாள்.

ஜமீலாவைக் கூப்பிட்டேன். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"வந்துச்சாடி? நாப்பத்தி மூணு தாளு. ஒண்ணொண்ணா போட்டோ புடிச்சுக் கை கழண்டு போச்சு."

"வந்துச்சு. என்னடி எல்லாரும் மேல மேல எழுதியிருக்காங்க?"

"அதத்தான் நானும் ஒன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். ஒன் கட்டம் காலையில ஏழு மணிக்குத்தான ஆரம்பிக்குது. ஏன், அமெரிக்காவுல அதுக்கு முந்தி யாரும் எந்திரிக்க மாட்டாங்களா?"

முதல் தாளை மறுபடி திறந்து கட்டத்தின் மேல் வரிசையைப் பார்த்தேன்.

"கட்டத்துக்குள்ள எழுதுங்கடீன்னு சொன்னேன். 'மேடம், ஏழு மணிக்கு நாங்க பாதி நாள முடிச்சிருவோம், அத எங்க எழுதுறது'ன்னு கேக்குதுங்க. நான் என்ன சொல்ல? எடம் இருக்குற எடத்துல எழுதுங்கன்னுட்டேன்."

"மிச்சப் பன்னெண்டு பேரு?"

"ஹாஸ்டல் புள்ளைங்க. மகாராணிங்க, மணி அடிச்சாத்தான் எந்திரிப்பாங்க."

"நூல் கட்டியிருக்கே ஒண்ணு?"

ஜமீலா சிரித்தாள். "அது சுகன்யா, ஒங்க ஊரு பக்கந்தான். எந்திரிச்சு நின்னு 'மேடம், அடிஷனல் ஷீட் வேணும்'னு கேட்டுச்சு. பரீட்சையான்னு எல்லாம் சிரிச்சுதுங்க. அது சிரிக்கல. நூலும் அதுவே பைக்குள்ள வச்சிருந்துச்சு."

நம் ஊரில் பரீட்சை எழுதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொடுத்த தாள் போதாவிட்டால் எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்போம், நூல் போட்டுக் கட்டுவோம். எத்தனை தாள் வாங்கினாய் என்பதுதான் வெளியே வந்ததும் முதல் கேள்வி. ஜமீலா ஒருமுறை ஏழு வாங்கினாள். பொருளாதாரத்தில் ஏழு தாள் எழுத என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் தாள் போதாதென்றால் குறை தாளில்தான் என்பதை அங்கே யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.



"இங்க ஒரு பொண்ணுக்குத் தப்பு பண்ணிட்டேன்னு நெனைக்கிறேன்" என்றேன். மரிசோலைப் பற்றிச் சொன்னேன். இருபத்தாறு காலிக் கட்டங்களைப் பற்றியும் சொன்னேன்.

"இருபத்தாறு மணி நேரம் சும்மா இருக்குற பொம்பளப் புள்ளைய நான் இதுவரைக்கும் பாத்ததில்லை" என்றாள் ஜமீலா. "போன வச்சுட்டு அதுகிட்ட கேளு. எனக்கும் பஸ்ஸு வந்துரும்."

4

கேட்பதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள விரும்பினேன். மூலநூலைத் திறந்தேன். அதில் அட்டவணை இரண்டு பக்கம். நள்ளிரவு பன்னிரண்டு முதல் நள்ளிரவு பன்னிரண்டு வரை, இருபத்துநான்கு வரிசை. முதலில் எழுதியவர்கள் ஒரு மணி நேரத்தையும் விடவில்லை.

பழைய நாட்குறிப்புகள் ஆண்டு வாரியாக அலமாரியில் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'அட்டவணை ஒரே பக்கத்தில் அடங்கும்படி மேல் ஏழு வரிசை, கீழ் இரண்டு வரிசை நீக்கம். நிலாவை நிரப்பச் சொல்லிப் பார்த்தேன். சரியாக உள்ளது. அழகாகவும் உள்ளது.'

நிலா என் மகள். அப்போது பதினைந்து வயது. ஏழு மணிக்கு நான் மூன்றுமுறை கூப்பிட்டு எழுப்பினால் ஏழரைக்குப் பள்ளிப் பேருந்து. அவளுடைய நாளை வைத்துத்தான் ஆயிரத்துச் சொச்சம் மாணவர்களுக்கும் நாளை வெட்டியிருக்கிறேன். இப்போது அவள் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் பேசுவாள். இருந்தாலும் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. "அம்மா, அந்த டைம்டேபிளை இன்னும் யூஸ் பண்றியா? அதுல மார்னிங் மிஸ்ஸிங்னு அப்பவே நோட்டிஸ் பண்ணேன். நீ ஹேப்பியா இருந்த, அதான் சொல்லலை." அவள் தமிழில் இப்போது வினைச்சொற்கள் மட்டுமே மிச்சம். ஆனால் பதினைந்து வயதிலேயே என்னைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லாமலும் இருந்திருக்கிறாள். எது எனக்கு அதிகம் உறுத்துகிறது என்று தெரியவில்லை.

உண்மையில் உறுத்தியது இன்னொன்று. கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நான் எழுந்தது 4.45க்கு. கந்தர்வக்கோட்டையில் 6.05 பஸ். ஆதனக்கோட்டையைத் தாண்டும்போது முந்திரி வறுக்கிற புகை ஜன்னல் வழியாக உள்ளே வரும், அதை வைத்தே பாதி வழி வந்துவிட்டது என்று கண்ணைத் திறப்பேன். ஏழு மணிக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருப்பேன். நான் வெட்டிய அட்டவணையில் எனக்கே இடமில்லை.

7.50க்கு மரிசோலுக்கு எழுதினேன். 'தவறு என் அட்டவணையில் இருக்கலாம். காலை ஏழு மணிக்கு முன் நீ என்ன செய்கிறாய்?'

8.12க்குப் பதில் வந்தது. 'அது தாளில் இல்லை மிஸ். தாளில் இல்லாத நேரத்தை நீங்கள் கேட்கவில்லை என்று நினைத்தேன்.' அதன் பின் ஒவ்வொரு வரியாக வந்தது. அதிகாலை இரண்டே முக்காலுக்கு எழுகிறாள். அம்மாவும் அவளும் தமாலே செய்கிறார்கள்; சோள மாவுக்குள் கறி வைத்துச் சோள இலையில் சுற்றி அவிப்பது, நம் இலைக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஐந்து மணிக்குப் பாதாம் உடைக்கும் கொட்டகையின் வாசலில் கடை. ஏழு மணிக்கு வேலையாட்கள் உள்ளே போனதும் நேராக வகுப்பு. பிற்பகலில் தூங்குகிறாள். 'பகலில் தூக்கம் என்று எழுதினால் சோம்பேறி என்று நினைப்பீர்கள். அதனால் காலியாக விட்டேன்.'

கடைசி வரி: 'விலகல் படிவம் நிரப்பிவிட்டேன். நாளைக் காலை கொடுத்துவிடுகிறேன். இதுவரை செய்ததற்கு நன்றி.'

கல்லூரி விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஊழியர்கள் மாணவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று இருக்கிறது. சாலையோரக் கடைக்குப் போகக் கூடாது என்று இல்லை. 'காலை 5.30க்குக் கடையில் இருப்பாயா? இரண்டு தமாலே எடுத்து வை' என்று எழுதினேன்.

பிறகு புத்தகக் கோப்பைத் திறந்து ஒன்பது வரிசைகளையும் திரும்பச் சேர்த்தேன். அட்டவணை இரண்டு பக்கத்துக்கு ஓடியது. அழகாக இல்லை. மாற்றங்களைக் குறிக்கும் இடத்தில் 'புதுக்கோட்டை முதலாண்டு மாணவியர் சுட்டிக்காட்டிய திருத்தம்' என்று எழுதி, ஜமீலாவுக்கு அனுப்பினேன். பஸ்ஸிலிருந்து பதில் போட்டாள். "இதுக்கு எங்க பக்கத்துலேருந்து அனுமதிக் கடிதம் வேணுமா? எங்கிட்ட ரவுண்டு சீலே இருக்கு."

5

அக்டோபர் 15, புதன். 4.30க்கு எழுந்தேன். முதல் வேலையாகத் தையல் பெட்டியிலிருந்து ஒரு முழம் வெள்ளை நூலும் ஓர் ஊசியும் எடுத்துப் பைக்குள் வைத்தேன். காபி பிறகு.

5.28க்குக் கொட்டகை வாசல். நீல வேன், ஒரு விளக்கு, ஏழெட்டுப் பேர் வரிசையில். நானும் நின்றேன். என் முறை வந்தபோது மரிசோலின் அம்மா இலையோடு இரண்டைத் தாளில் வைத்துத் தந்தார். மரிசோல் ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, மூன்றாவது ஒன்றையும் வைத்தார்.

"அந்தப் படிவம் எங்கே?" என்று கேட்டேன்.

மரிசோல் ஏப்ரன் பையிலிருந்து எடுத்தாள். விலகல் படிவம். நாலாக மடித்தது. நிரப்பிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

என் பையில் வெள்ளைத் தாள் நான்கு இருந்தன. எடுக்கவில்லை. விலகல் படிவத்தைக் கார் பானெட்டின் மேல் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தேன். ஏழு நாள், ஏழு வரிசை.

"இதுல எழுதினா அப்புறம் இதைக் கொடுக்க முடியாதே மிஸ்" என்றாள்.

"ஆமாம்" என்றேன். "மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஸ்கேன் செய்துதான் அனுப்புவேன், ஸ்கேனருக்கு ஒரு பக்கம்தான் தெரியும்."

அவள் வரிசைகளை விரலால் எண்ணினாள். பிறகு பேனாவை வாங்கி, மேலிருந்து நான்காவது வரிசையில், மூன்று மணிக்கு நேராக, 'சோள இலை கழுவ' என்று எழுதினாள். மற்றதெல்லாம் வேகமாக வந்தது. அவள் வேனுக்குள்ளிருந்து எடுத்துத் தந்த பழைய அட்டவணையின் பிற்பகல் கட்டங்களில் நானே 'தூக்கம்' என்று எழுதி, என் பென்சில் குறிப்பை அழித்தேன். 5.52க்கு அதன் அடியில் கவுன்சிலர் கையெழுத்தைப் போட்டேன்.

இடது மேல் மூலையில் ஊசியால் துளை போட்டு, இரண்டு தாளையும் சேர்த்து நூலைக் கோத்தேன். முடிச்சுப் போட என் விரல்கள் மறந்திருக்கவில்லை.